கொம்பும் அரவும்

டிசம்பர் 24, 2018. கிளிநொச்சி

21ஆம் திகதி இரவு இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள். விடிய முன்னம் விறாந்தையில் முழங்காலளவு தண்ணீர். ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் இருந்து இன்றுதான் வீடு திரும்பினோம். மடிக்கணினி செத்துவிட்டது. அம்மா சேலைப் பெட்டிக்குள் வைத்த பென் டிரைவ் தப்பிவிட்டது. ஊர்க்கிழவர்களிடம் கேட்டு எழுதிய கிணறு, குளக் கதைகள் 61 கோப்பும் அதற்குள்தான். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 26

சேறு கழுவினோம்.

டிசம்பர் 29

ரொறன்ரோவில் இருந்து வந்தபோது அத்தை மகன் விட்டுப்போன பழைய மக்புக்கில் முழுக் கோப்புறையையும் அப்படியே இறக்கினேன். நான் உருவாக்காத ஒன்பது புதிய கோப்புகள் இருப்பதாக, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் சொல்லிற்று. யோசிக்காமல் சேர்த்து கொமிட் செய்து பதிந்துவிட்டேன்.

ஜனவரி 2, 2019

கொக்கிளாய்க் கோப்பில் ஒரு திருத்தம் செய்து கொமிட் செய்தேன். உடனே ‘கொக்கிளாய் மாறியுள்ளது’ என்கிறது. அந்த மாற்றத்தைக் கைவிடு என்றேன். என் திருத்தமே போய்விட்டது, பிறகும் ‘கொக்கிளாய் மாறியுள்ளது’. ஒன்றை நேராக்கினால் மற்றது கோணுகிறது. வரி முடிவுக் குறியாக இருக்குமோ, கோப்பின் அனுமதி மாறியிருக்குமோ என்று நடுச்சாமம்வரை தேடினேன். இரண்டும் இல்லை. எந்தக் கதை சரியான கதை என்று எனக்கே ஐமிச்சம் வந்துவிட்டது. சொன்ன கிழவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை.

ஜனவரி 6

கரச்சலான ஒன்பது பெயரையும் தாளில் எழுதி வைத்திருந்தேன்: கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், பொக்கணை என்று போகும். இரணைமடு, மாங்குளம், ஒட்டுசுட்டான் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா வாசித்துப் பார்த்து, “எல்லாத்திலயும் கொம்பும் அரவும் வருது” என்றா.

கோப்புப் பட்டியலை எடுத்தேன். கிட் தமிழ்ப் பெயர்களை எழுத்தாகக் காட்டாமல் எண்ணாகக் காட்டும். இத்தனை நாளும் எனக்கு அது கோபம். இன்று அந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு கொக்கிளாய் \340\256\225\340\257\212 என்று தொடங்குகிறது. மற்றது \340\256\225\340\257\206\340\256\276. யூனிகோட்டில் ‘ொ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு வேறு அரவு வேறாக இரண்டு குறியாகவும் எழுதலாம். முதலாவதில் ‘கொ’ ஆறு பைட், இரண்டாவதில் ஒன்பது. செத்துப்போன மடிக்கணினியின் உபுண்டுவில் நான் எழுதியது ஒற்றைக் குறி. இந்தப் பழைய மக்கின் வட்டு பெயரைப் பிரித்து எழுதிவைக்கும். வட்டில் கோப்பு ஒன்றுதான். கிட்டின் ஏட்டில் பெயர் இரண்டு. ஒட்டுசுட்டானின் ‘ஒ’ தனியெழுத்து, பிரியாது. அதனால் தப்பியது.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அதைத்தானே நானும் சொன்னனான்” என்றா.

ஜனவரி 9

வெள்ள நிவாரணப் பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. அடையாள அட்டையில் இரண்டு சுழி ‘ன’. 2009இல் எல்லாப் பத்திரமும் தொலைந்தபிறகு எடுத்த பிறப்புச் சான்றிதழில் மூன்று சுழி ‘ண’. “இது இரண்டு ஆள்” என்றார் மேசையில் இருந்தவர். அம்மா ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் பஸ்ஸிலும் பேசவில்லை.

ஜனவரி 10

எழுத மனமில்லை.

ஜனவரி 12

மக்கில் பிரிந்த பெயரைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று 2012 முதல் கிட்டில் இருக்கிறது. மக்கிலேயே கிட்டைத் தொடங்கினால் தானாக விழும். நான் பென் டிரைவில் இருந்து தூக்கிவைத்ததால் விழவில்லை. அதைப் போட்டேன். பிரிந்த ஒன்பது பெயரையும் ஏட்டில் இருந்து மட்டும் நீக்கினேன், கோப்பை அழிக்கவில்லை. கொக்கிளாய்த் திருத்தத்தைப் பழைய கொமிட்டில் இருந்து மீட்டேன். இப்போது மாற்றம் எதுவும் இல்லை என்கிறது. மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன்.

ஜனவரி 15

முற்றம் இன்னும் ஈரம். கல் அடுக்கிப் பொங்கினோம்.

ஜனவரி 16

சத்தியக்கடதாசி வேண்டுமாம், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று. நாளைக்குத் திரும்பவும் போகவேண்டும். அம்மா காலை ஆறு மணி பஸ்ஸுக்கு வெளிக்கிட ஆயத்தமாக, பத்திரங்களைச் சேலைப் பெட்டிக்குள் இருந்து எடுத்து வைத்திருக்கிறா.