வானம் பார்க்கும் மலை யாருடையது?



வானத்தை நோக்குவது முஸ்லிம்களாகிய நமக்குப் புதிய வேலை அன்று. தொழுகையின் ஐந்து நேரங்களையும் சூரியனின் நகர்வைக் கொண்டு அறிகிறோம். நோன்பையும் பெருநாளையும் பிறையைக் கொண்டு தீர்மானிக்கிறோம். பிறை பார்க்க வேண்டுமானால் மேகமற்ற மேற்கு வானமும், மரமும் மாடியும் மறைக்காத ஓர் இடமும் வேண்டும் என்பதை, ஷஃபான் இருபத்தொன்பதின் மாலையில் மொட்டை மாடிக்கு ஏறும் சிறுவனும் அறிவான். எதைப் பார்ப்பது என்பதற்கு முன், எங்கே நின்று பார்ப்பது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இதே கேள்வி உலகின் மாபெரும் தொலைநோக்கி ஒன்றைக் கட்ட முனைந்தோருக்கும் எழுந்தது. அதற்கு அவர்கள் கண்ட விடையும், அந்த விடையிலிருந்து கிளைத்த வழக்கும், மார்க்கக் கல்வி கற்பிக்கும் நமக்குச் சிந்திக்க நிறையவே தந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கே பகிர விழைகிறோம்.

அதன் பெயர் முப்பது மீட்டர் தொலைநோக்கி. அதன் முதன்மை ஆடியின் விட்டமே முப்பது மீட்டர். அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒரே துண்டாக வார்க்க இயலாது. ஆகவே அறுகோண வடிவிலான 492 துண்டுகளை அருகருகே பொருத்தி, அனைத்தும் ஒரே ஆடி போல இயங்கும்படி வடிவமைத்தார்கள். பத்து மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியைவிட இது ஒன்பது மடங்கு ஒளியைத் திரட்டும். பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியை அதனால் ஆராய முடியும். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவற்றோடு நம் இந்தியாவும் இதில் ஒரு பங்காளி. 2014இல் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. இந்தியாவின் பங்களிப்பில் முன்னிற்கும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், 1792இல் சென்னையில் நிறுவப்பட்ட வானாய்வகத்தின் வழியில் வந்தது. அந்தச் சென்னை ஆய்வகமும் நல்ல வானம் தேடி மலையேறியதுதான். 1899இல் கொடைக்கானலில் புதிய ஆய்வகம் எழுந்தது.

ஒரு தொலைநோக்கிக்கு இடம் தேர்வது எப்படி? விண்மீனின் ஒளி நெடுந்தொலைவு கடந்து வந்து, கடைசியில் நம் காற்று மண்டலத்தில்தான் குலைகிறது. சூடும் குளிருமாகக் கலந்து சுழலும் காற்று அந்த ஒளியை அலைக்கழிக்கிறது. விண்மீன் மினுக்குகிறது என்று நாம் ரசிப்பது, வானியலாருக்குப் படம் கலங்கும் தொல்லை. காற்றிலுள்ள நீராவியோ, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே உயரமான, வறண்ட, குளிர்ந்த, நகர விளக்குகளுக்கு அப்பாற்பட்ட மலை வேண்டும். ஆண்டின் பெரும்பாலான இரவுகள் மேகமின்றி இருக்க வேண்டும். காற்று சீராக ஓட வேண்டும்.

இவற்றையெல்லாம் ஊகத்தால் முடிவு செய்யவில்லை. செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு பட்டியலைச் சுருக்கி, ஐந்து மலைகளைத் தெரிந்தெடுத்தார்கள்: சிலியில் மூன்று, மெக்சிகோவில் ஒன்று, ஹவாய்த் தீவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் சிறு கோபுரம் எழுப்பி, சிறு தொலைநோக்கியும் வானிலைக் கருவிகளும் வைத்து, ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் அளந்தார்கள். 2009 ஜூலையில், சிலியின் செரோ அர்மசோனெஸைப் பின்தள்ளி, ஹவாயின் மௌனா கியா தேர்வு பெற்றது.

மௌனா கியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரமுள்ள, நெடுங்காலமாக உறங்கும் எரிமலை. மேகங்கள் பெரும்பாலும் அதன் இடுப்பளவிலேயே தங்கிவிடும். சிகரம் அவற்றுக்கு மேலே வறண்ட வானில் நிற்கும். சுற்றிலும் பெருங்கடலாதலால், தடையின்றி வரும் காற்று அதிகம் குழம்புவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வட வானம் முழுவதோடு தென் வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். அளவைகள் சரியாகவே சொல்லின. வானியலாரின் தேர்வில் அறிவியல் வகையில் குற்றம் காண்பதற்கில்லை.

ஆனால் அந்த மலைக்கு மனிதர்கள் இருந்தார்கள். ஹவாயின் பூர்வ குடிகள் பலருக்கு மௌனா கியா புனித மலை. தம் முன்னோரின் வரிசையிலேயே அவர்கள் அதை வைத்து எண்ணுகிறார்கள். அங்கே அவர்களின் முன்னோர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கற்கோடரிகள் செதுக்கிய பழைய கற்சுரங்கமும், அவர்கள் போற்றும் சிறு ஏரியும் உள்ளன. நிலத்தின் வரலாறோ இன்னும் கசப்பானது. ஹவாய் அரசு 1893இல் கவிழ்க்கப்பட்டது; 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன; முடியாட்சியின் நிலங்களும் கைமாறின. மௌனா கியாவின் உச்சிப் பகுதி அத்தகைய நிலமே. 1968இல் அது 65 ஆண்டுக் குத்தகையாக ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு விடப்பட்டது. குத்தகைத் தொகை ஆண்டுக்கு ஒரு டாலர். அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக 13 தொலைநோக்கிகள் அங்கே எழுந்தன. மலையைப் பேணியதில் பல்கலைக்கழகம் தவறியது என்று 1998இல் மாநிலத் தணிக்கையாளரே அறிக்கை தந்தார். பதினெட்டு மாடி உயரமுள்ள புதிய கட்டடம் வரவிருக்கிறது என்ற செய்தி, இத்தனைக்கும் பிறகுதான் அம்மக்களிடம் வந்து சேர்ந்தது.

2014 அக்டோபரில் நடந்த தொடக்க விழா எதிர்ப்பால் இடையில் நின்றது. 2015 ஏப்ரலில் மலைப்பாதையை மறித்தவர்கள் கைதானார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஹவாய் உச்ச நீதிமன்றம் கட்டுமான அனுமதியை ரத்து செய்தது. அதற்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: எதிர்ப்பாளரின் வாதங்களை முறைப்படி விசாரிப்பதற்கு முன்பாகவே அரசு வாரியம் அனுமதி வழங்கிவிட்டது. மீண்டும் விசாரணை நடந்து, புதிய அனுமதி வழங்கப்பட்டு, 2018இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றது. ஆயினும் 2019 ஜூலையில் பணியைத் தொடங்க முயன்றபோது, மலையடிவாரச் சாலையில் முதியவர்கள் நாற்காலி போட்டு அமர்ந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கட்டுமானம் தொடங்கவில்லை.

இதை அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலான சண்டையாகச் சித்திரிப்பது நியாயமன்று. எந்தக் கருவியுமின்றி விண்மீன்களையும் அலைகளையும் பார்த்தே பசிபிக் பெருங்கடலைக் கடந்தவர்கள் ஹவாய் மக்களின் முன்னோர். அந்தக் கலை அழியவில்லை என்று காட்ட, 1976இல் ‘ஹோக்குலேயா’ என்ற இரட்டை ஓடப் பாய்மரக்கலம் நவீனக் கருவிகள் ஏதுமின்றி தஹித்தித் தீவு வரை சென்றது. வேலைவாய்ப்பையும் கல்வி உதவியையும் எண்ணியும், வானியலின் மீதுள்ள ஆர்வத்தாலும் தொலைநோக்கியை வரவேற்ற ஹவாய்க் குடிகளும் உண்டு. எதிர்த்தவர்களில் பலர், வானியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் மலையில் எங்களைக் கேளாமல் இனியும் வேண்டாம் என்றே சொன்னார்கள்.

எம் மத்ரஸாவில் மூத்த மாணவருக்கு ஃபிக்ஹ் பாடத்தில் ‘ஃகஸ்ப்’, அதாவது பிறர் உடைமையை அபகரித்தல் என்னும் அத்தியாயம் நடந்துகொண்டிருந்த நாட்களில், இந்தச் செய்தியை அவர்கள் முன் வைத்தோம். துணிச்சலாகப் பேசும் மாணவர் ஒருவர் உடனே கேட்டார்: “ஹஜ்ரத், மலையைப் புனிதமாகக் கருதுவது நம் ஈமானுக்கு ஒவ்வாத நம்பிக்கை. அதற்காக, அல்லாஹ்வின் படைப்பை ஆராயும் ஒரு பெரிய அறிவுப் பணி நிற்கலாமா?”

கேள்வி நேர்மையானது. வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் நம்மை மீண்டும் மீண்டும் அழைக்கிறது. தொலைநோக்கியின் பக்கம் ஒரு முஸ்லிமின் மனம் சாய்வது இயல்பே.

நாம் விடை சொல்வதற்குள், பின் வரிசையில் அமர்ந்திருந்த, அதிகம் பேசாத மாணவர் ஒருவர் தலை நிமிர்ந்தார். “விலை கொடுத்தாலும், கேளாமல் எடுத்தால் அது எடுத்ததுதானே, ஹஜ்ரத்?” என்றார். அவருடைய பாட்டியார் வாழ்ந்த வீட்டு மனை ஒரு பொதுக் கட்டடத்துக்காக எடுக்கப்பட்டதையும், இழப்பீடு வந்து சேர்ந்ததையும், ஆனால் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். அவருக்கு அது பாடநூலின் வரியாக மட்டும் இருக்கவில்லை.

அன்று நாம் நினைவூட்டியது மஸ்ஜிதுந் நபவியின் வரலாறு. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தடைந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஒட்டகம், பேரீச்சம் பழம் உலர்த்தும் ஒரு களத்தில் மண்டியிட்டது. அந்த நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவருக்கு உரியது. அவர்களை அழைத்து நபியவர்கள் விலை கேட்டார்கள். “அன்பளிப்பாகவே தருகிறோம்” என்ற பொருளில் அச்சிறுவர்கள் கூறியும், அதை ஏற்க மறுத்து, விலைக்கே வாங்கினார்கள். கட்டவிருந்ததோ அல்லாஹ்வின் பள்ளி. கேட்டவரோ அல்லாஹ்வின் தூதர். உரிமையாளரோ எதிர்த்துப் பேச வலுவற்ற சிறுவர். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும் பிறர் உரிமை அதனால் கரையாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கும் மறுமையில் உள்ள கடும் தண்டனையை ஹதீஸ் எச்சரிக்கிறது. அபகரித்த நிலத்தில் தொழும் தொழுகையைப் பற்றிக்கூட நம் இமாம்கள் விவாதித்தார்கள்: கடமை நிறைவேறும், ஆனால் பாவம் சேரும் என்பது பெரும்பான்மையோர் கருத்து, தொழுகையே கூடாது என்பது ஹன்பலி மத்ஹபின் அறியப்பட்ட கருத்து. தொழுகைக்கே இந்த விசாரணை இருக்குமானால், தொலைநோக்கிக்கு விலக்கு ஏது?

ஒருவருடைய நம்பிக்கையை ஏற்பது வேறு, அவருடைய உரிமையை மதிப்பது வேறு என்று முதல் மாணவருக்கு விளக்கினோம். பைத்துல் முகத்தஸில் உமர் (ரலி) அவர்கள் கிறிஸ்தவ ஆலயத்துக்குள் தொழாமல் வெளியே வந்து தொழுதார்கள் என்றும், பின்னாளில் முஸ்லிம்கள் அவ்விடத்துக்கு உரிமை கோரிவிடலாகாது என்பதே காரணம் என்றும் மரபாகச் சொல்லப்படுகிறது. அதனால் அந்த ஆலயத்தின் கொள்கை அவர்களுடைய கொள்கை ஆகிவிடவில்லை. “நம் கப்ருஸ்தானில் நாளை யாரேனும் அளவைக் கருவியோடு வந்து, இதுவே மிகச் சிறந்த இடம் என்றால் நமக்கு எப்படி இருக்கும்?” என்று அந்த மாணவர் தாமே சொல்லி முடித்தார்.

மௌனா கியாவில் நடந்தது ஃகஸ்ப் என்று ஃபத்வா வழங்க நாம் இதை எழுதவில்லை. அந்நாட்டு நீதிமன்றம் இரு தரப்பையும் கேட்டே இறுதியில் அனுமதியை ஏற்றது. நம் கவனம் வரிசையின் மீது. காற்றும் நீராவியும் ஆண்டுக்கணக்கில் அளக்கப்பட்டன. மக்களின் சம்மதமோ இடம் தேர்வான பின் தீர்க்க வேண்டிய சிக்கலாக வந்து நின்றது. ஐந்து மலைகளை ஒப்பிட்ட அட்டவணையில், இது யாருடையது, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்ற பத்தி முதல் பத்தியாக இருந்திருக்க வேண்டும்.

பிந்தைய நிகழ்வுகள் அதையே உணர்த்துகின்றன. 2016இல் மாற்றிடமாக ஸ்பெயினின் லா பால்மா தீவு தெரிவு செய்யப்பட்டது. அது உயரத்தில் மிகக் குறைவு, ஆகவே நீராவி மிகுதி. தரத்தில் சற்றுக் குறைந்த வானம் அங்கே. சம்மதம் கிட்டாத உயர்ந்த வானம் இங்கே. 2022இல் ஹவாய் அரசு, பூர்வ குடிகளின் பிரதிநிதிகளும் அமரும் புதிய நிர்வாக அமைப்பிடம் மலையை ஒப்படைக்கச் சட்டம் இயற்றியது. அது நல்ல தொடக்கம். ஆயினும் முதல் தொலைநோக்கிக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. 2025இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை இத்திட்டத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. லா பால்மாவுக்கு வந்தால் 400 மில்லியன் யூரோ வரை தருவதாக ஸ்பெயின் முன்வந்தது. இதற்கிடையில், அன்று பின்தள்ளப்பட்ட செரோ அர்மசோனெஸை ஐரோப்பியத் தென்வானாய்வகம் 2010இல் தேர்ந்தெடுத்து, 39 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை எழுப்பி வருகிறது.

எம்மிடம் ஓதும் மாணவர்கள் நாளை இமாம்களாவார்கள். ஜமாஅத்துகள் அவர்களிடம் ஆலோசனை கேட்கும். பள்ளியை விரிவாக்கவும் மத்ரஸாவுக்கு மனை பார்க்கவும் குழு அமைக்கும்போது, தண்ணீர் வசதி, சாலை வசதி, கிப்லாவின் திசை ஆகியவை தாமாகவே பேசப்படும். அடுத்த வீட்டாரின் நடைபாதை அதில் போகிறதா, ஏழை ஒருவரின் பங்கு அதில் கலந்திருக்கிறதா, பிற சமயத்தார் ஏதேனும் ஒன்றைப் போற்றும் இடமா என்பவற்றை யாராவது ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். அதுவும், அடிக்கல் நாட்டும் தேதி அச்சாகுமுன் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர் நற்பணியைத் தடுப்பவராகத் தோன்றலாம். உண்மையில் அவரே அந்த நற்பணியின் ஹலாலைக் காப்பவர்.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும், அக்கல்வியைத் தேடும் வழியில் எவருடைய உரிமையையும் மிதிக்காத பேணுதலையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.