தாய்ப்பத்திரம் இல்லாத ஊர்

“தாய்ப்பத்திரம் பாத்தியாடா?” அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். எத்தனை ரூம், எந்தத் திசை வாசல், ஸ்டேஷன் எவ்வளவு தூரம், எதையும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில், இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றுக்கு நான் 2,85,000 பவுண்டு சொல்லி, விற்பவர் சரி என்று சொன்ன நாள் அது.

இங்கே தாய்ப்பத்திரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்று விளக்கினேன். நம்மூர் சார்பதிவாளர் பதிவது பத்திரத்தை. விற்கிறவர் நிஜமாகவே உரிமையாளர்தானா என்பதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை. அதனால்தான் முப்பது வருஷ வில்லங்கம், பட்டா, மூலப்பத்திரம் என்று வக்கீல் பின்னோக்கியே நடக்க வேண்டியிருக்கிறது. இங்கே 1862-இல் தொடங்கிய நிலப்பதிவகம் உரிமையையே பதிவு செய்கிறது. பதிவேட்டில் பிழை இருந்து யாருக்காவது நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. சில பவுண்டு கட்டினால் யார் வீட்டுப் பதிவேட்டையும் யாரும் இறக்கிப் பார்க்கலாம்.

“அப்பறம் எதுக்கு வக்கீலு?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தேன். வாங்குபவருக்கு ஒருவர், விற்பவருக்கு ஒருவர் என்று சட்ட வேலை பார்க்க ஆள் வேண்டும். அவர் சொலிசிட்டராகவும் இருக்கலாம், இந்த வேலைக்கு மட்டும் உரிமம் பெற்ற கன்வேயன்சராகவும் இருக்கலாம். வீட்டை அவர் வந்து பார்ப்பதுகூட இல்லை. அது சர்வேயர் வேலை. மாநகராட்சியிடம் தேடல், தண்ணீர் வடிகால் தேடல், நாலைந்து ஃபார்ம். யார் செய்தால் என்ன?

எஸ்டேட் ஏஜென்ட் அன்று மாலையே ஒரு நிறுவனத்தைக் கைகாட்டினார். 749 பவுண்டு. வாங்காமல் போனால் கட்டணமே கிடையாது. எல்லாம் ஆன்லைன் போர்ட்டலில். ஜூன் 30-க்குள் முடித்தால் முத்திரை வரிச் சலுகையும் கிடைக்கும், அதனால் சீக்கிரம் என்றார். கோவிட் காலத்துச் சலுகை முடிவதற்குள் வாங்கிவிட நாடே ஓடிக்கொண்டிருந்தது. நானும் ஓடினேன்.

மூன்று வாரத்தில் என் கேஸை மூன்று பெயர்கள் பார்த்தன. பாஸ்போர்ட் நகல் தவிர யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

அலுவலகத்தில் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் இருக்கிறார், இங்கே முப்பது வருஷமாக. டீம்ஸ் காலில் பேச்சு வந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, அந்த லோயர் ஆற்றை ஆள்?”

என்னுடைய ஆள்தான் என்றேன்.

“நீர் ஒருக்காத்தான் வீடு வாங்குவீர். ஏஜென்ட் அவருக்குக் கிழமைக்கு நாலு கேஸ் அனுப்புவார். இப்ப சொல்லும், ஆற்றை ஆள்?”

போர்ட்டலில் போய் கட்டண விவரத்தைத் திரும்பப் படித்தேன். அடியில், சொல்லியே ஆக வேண்டும் என்பதற்காகச் சொன்ன ஒரு வரி: இந்தக் கேஸை அனுப்பியதற்காக ஏஜென்டுக்கு 240 பவுண்டு பரிந்துரைக் கட்டணம். மீதி 509 பவுண்டில் எனக்காக ஒருவர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து படிப்பார்? தவிர, இந்த வியாபாரம் கெட்டுப்போனால் அவருக்கு ஒன்றுமில்லை, ஏஜென்டுக்கும் வருத்தம். எங்கள் தொழிலில் கோட் ரிவ்யூ பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலாயிரம் வரி மாற்றத்துக்கு இரண்டு நிமிஷத்தில் ‘நல்லா இருக்கு’ என்று அப்ரூவ் செய்கிற நண்பனை எல்லோருக்கும் பிடிக்கும். புரொடக்‌ஷன் விழும் வரை.

அண்ணர் சொன்ன இடம் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. ஐம்பது வயதுக்கு மேலான ஒரு பெண்மணியும் இரண்டு உதவியாளர்களும். 1,450 பவுண்டு, வாட் தனி. பாதியில் நின்றாலும் செய்த வேலைக்குக் காசு. நான் போன் செய்தபோது எடுத்தது அவரேதான். எனக்கு இது முதல் வீடா என்று கேட்டார். ஆமாம். உலகத்தில் வேறெங்கும் என் பெயரில் வீடு இல்லையே? இல்லை. “அப்படியானால் சலுகை முடிந்தாலும் மூன்று லட்சம் வரை உனக்கு வரியே கிடையாது. இந்த அவசரம் யாருடையது?” விற்பவருடையது. அவர் வேறொரு வீடு வாங்கிக்கொண்டிருந்தார்.

மாறினேன். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. தினம் ஒரு கேள்வி வந்தது. முன்பணத்தில் 30,000 பவுண்டு அப்பா கொடுத்தது. திருவையாற்றுப் பக்கம் தாத்தா காலத்து நஞ்சையை விற்ற பணம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சட்டப்படி அவர் பார்த்தாக வேண்டும். கிரயப் பத்திரம், அதன் சான்றளித்த மொழிபெயர்ப்பு, அப்பாவின் வங்கிக் கணக்கு, வாங்கியவரிடமிருந்து பணம் வந்த தேதி.

“நான் என்னடா திருட்டுப் பணமா அனுப்பறேன்?” என்றார் அப்பா. இரண்டு நாள் பேசவில்லை.

அதைவிடக் கஷ்டம் கொடைக் கடிதம். வங்கி கேட்பது. இந்தப் பணம் கடன் அல்ல, திருப்பிக் கேட்கமாட்டேன், அந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இனியும் கோரமாட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். போனில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “எங்க போடணும்?” என்றார். இப்போதும் அந்த ஸ்கேனைத் திறந்தால், கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் போட்ட அதே கையெழுத்து, கீழே இரண்டு புள்ளியோடு.

மே மாதம் அந்த அம்மையார் அழைத்தார். லீஸைப் படித்துவிட்டேன், நீ படித்தாயா என்றார். 64 பக்கம். பழைய போர்ட்டலில் மூன்று வாரம் கிடந்தது. நான் ஒன்பதாம் பக்கத்தில் மூடியிருந்தேன்.

இங்கே ஃபிளாட் வாங்குவது பெரும்பாலும் லீஸ்ஹோல்டு. நிலம் வேறொருவருடையது, நமக்கு இத்தனை வருஷம் அனுபவிக்கும் உரிமை. இது 2014-இல் தொடங்கிய 125 வருஷ லீஸ். நிலவாடகை வருஷத்துக்கு 300 பவுண்டு என்று ஏஜென்டின் தாளிலும் இருந்தது. கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை, பத்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்றது. இரண்டின் அடுக்குகளை வைத்துப் பிழைக்கிறவன் நான். எக்செல் திறந்து இழுத்தேன். 2024-இல் 600. என் கடன் முடிகிற 2051-இல் 2,400. கடைசி ஐந்து வருஷம், வருஷத்துக்கு 12,28,800 பவுண்டு.

“நீ கட்டிவிடலாம். உன்னிடம் வாங்க வருகிறவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? உன் வங்கியிடமும் இதை நான் சொல்லியாக வேண்டும்” என்றார்.

இப்படிப்பட்ட வாடகை 2017 வாக்கிலேயே பெரிய செய்தியாகியிருந்தது. மாட்டிக்கொண்டவர்களில் பலர், வீட்டைக் கட்டி விற்ற நிறுவனம் கைகாட்டிய வக்கீலையே வைத்திருந்ததாகச் சொன்னார்கள். 2022 ஜூன் 30 முதல் புதிய லீஸ்களில் நிலவாடகையே கூடாது என்று சட்டம் வந்தது. பழைய லீஸ்களுக்கு அது பொருந்தாது.

முதல் நிறுவனமும் இதைக் கண்டுபிடித்திருக்கக்கூடும். எனக்குத் தெரியாது. லீஸைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டோம். நில உரிமையாளர் சொன்ன தொகையைக் கொடுக்க விற்பவர் மறுத்தார். இங்கே ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் வரை இரு தரப்பும் விலகலாம். விலகினேன். தேடல்கள், சர்வே, அம்மையாரின் பாதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,900 பவுண்டு போயிற்று. ஏஜென்ட் அதன் பிறகு என் போனை எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் வாங்கிய வரிசை வீட்டுக்கும் அவரே. 2024-இல் வட்டி மாறி மறு அடமானம் வைத்தபோது மட்டும் வங்கி இலவசமாகத் தந்த ஆளை ஒத்துக்கொண்டேன். அவர் முதலில் வங்கிக்கு வக்கீல் என்று தெரிந்தேதான். புதிதாக நான் எதையும் வாங்கவில்லையே.

ஃபிளாட் கைவிட்டுப்போன அன்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 1,900 பவுண்டு ரூபாயில் எவ்வளவு என்று கேட்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் கேட்டது வேறு.

“அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியாதுப்பா. ஏன்?”

“இல்ல, சித்தப்பாவோட மனைப் பத்திரம் ஒண்ணு வச்சிருக்கேன். கொஞ்சம் படிக்கச் சொல்லலாமேன்னு பாத்தேன்.”