பரிசா, தூண்டிலா?

வானம் பார்த்த பூமி நம் திருச்சுழிச் சீமை. தறியை நம்பிய ஊர் நம் அருப்புக்கோட்டை. இங்கும் வந்துவிட்டது பல்பொருள் அங்காடி. அதன் புள்ளி அட்டை நம் சட்டைப்பையிலும் இருக்கிறது. அரிசி வாங்கினால் புள்ளி; புளி வாங்கினால் புள்ளி; புள்ளி சேர்ந்தால் சலுகை! பரிசென்று மகிழ்கிறோம். பரிசா அது, தோழர்களே? அடுத்த கடைக்குப் போகாதபடி நம் காலில் கட்டிய கயிறு! அரிசிக்குக் கட்டினால் பெருங்கேடில்லை. மதுவுக்குக் கட்டினால்?

இந்தக் கேள்வியை அயர்லாந்து கேட்டது. அங்கே அங்காடியிலேயே மதுவும் விற்கிறார்கள். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மது வாங்கினால் புள்ளி தருவதும், சேர்த்த புள்ளிக்கு மது தருவதும் 2021 ஜனவரி 11 முதல் தடுக்கப்பட்டன. குடிப்பவனைத் தண்டிக்கவில்லை; தூண்டிலை முறித்தார்கள்!

இங்கே? தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்கு 2000ஆம் ஆண்டிலேயே தடை வந்தது. மதுவின் பெயரோ சோடாப் புட்டியில் ஏறி, மாறுவேடத்தில் வீட்டுக்குள் வந்தது! மதுவிலக்குக்கு முயல்க என்கிறது அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு. முயல வேண்டிய அரசே, 2003 முதல் டாஸ்மாக் வழியே சில்லறையிலும் விற்கிறது. அங்கே புள்ளி இல்லை, பரிசு இல்லை. ஆயினும் கூலி வாங்கிய கை அங்கே நீள்கிறது. வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்தவள், உள்ளே உலைக்கு அரிசியின்றி நிற்கிறாள்.

மாறுவேட விளம்பரத்தை ஒழிக்கச் சொல்வோம். மதுக்கடைகளைக் குறைக்கச் சொல்வோம். தூண்டிலை முறிக்காமல் மீனுக்கு அறிவுரை கூறுவது அறிவுடைமை ஆகாது!