51 கோடாலிகள்

ஹோம் கடற்கரைக்குப் போனால் மணலும் காற்றும்தான். இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் 1998-இல் அலை மணலை அரித்ததும் தலைகாட்டிய ஒரு பழங்கால மர வட்டத்தை மறு ஆண்டே தோண்டி எடுத்துவிட்டார்கள். அதைப் பார்க்க லண்டனில் ரயிலேறி கிங்ஸ் லின் போனேன். 'சீஹென்ஜ்' எனப்படும் அந்த வட்டம் இப்போது அங்குள்ள லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கரையில் 55 ஓக் கட்டைகள் தோளோடு தோள் உரசி, ஆறரை மீட்டர் அகல வட்டமாக நின்றிருந்தன. பெரும்பாலானவை நெடுக்காகப் பிளந்தவை. பட்டைப் பக்கம் வெளியே பார்க்கும். நடுவில் ஒரு பெரிய ஓக் அடிமரம், தலைகீழாக, வேர்கள் வானம் பார்க்க. இழுத்துவரக் கட்டிய ஹனிசக்கிள் கொடிக் கயிறுகூட மக்காமல் கிடைத்தது. காற்றுப் புகாத சதுப்புச் சேறு காத்த காப்பு அது.

கட்டைகளின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தேன். செதுக்கிய இடமெல்லாம் ஆழமற்ற சிறு குழிவுகள். வெண்கலக் கோடாலி ஒவ்வொன்றின் வாயும் ஒரு விதமாக வளைந்திருக்கும். வெட்டும் அதற்கேற்ற தடத்தை விடும். தடங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் குறைந்தது 51 கோடாலிகளைப் பிரித்தறிந்தார்கள். பிரிட்டனுக்கு வெண்கலம் வந்து சில தலைமுறைகளே ஆகியிருந்த காலம். ஒரு குடும்பத்து வேலையல்ல இது, ஊரே கூடிச் செய்தது.

எப்போது? மரத்தில் பட்டையை ஒட்டிய கடைசி ஆண்டு வளையம் அதையும் சொல்லிவிட்டது: கி.மு. 2049, வசந்தம் அல்லது கோடைத் தொடக்கம். கல் வட்டம் எதுவும் தன் பிறந்த பருவத்தை இப்படிச் சொன்னதில்லை. மர வட்டங்களிலும் இது அபூர்வம். ஸ்டோன்ஹென்ஜுக்குப் பக்கத்து உட்ஹென்ஜில் மரம் மக்கி, கம்பம் நட்ட குழிகளே மிஞ்சின. அங்கே இன்று நிற்பவை கான்கிரீட் தூண்கள்.

எதற்காகக் கட்டினார்கள்? பிணத்தை அந்த வேர்களின்மேல் கிடத்தியிருக்கலாம் என்பது ஓர் ஊகம். மனித எலும்பு எதுவும் அகப்படவில்லை.

தோண்டும்போது ஊர்க்காரர்களும், இயற்கையை வழிபடும் இன்றைய ட்ரூயிட்களும், "இருந்த இடத்திலேயே விடுங்கள்" என்று மறித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: சதுப்பையும் வானத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவர முடியாது. சற்றுத் தள்ளி, அதே ஆண்டு வெட்டிய மரங்களால் ஆன இன்னொரு வட்டமும் இருந்தது. அதைத் தோண்டாமல் கடலுக்கே விட்டார்கள். ஆனால் அலை முதலில் அழிப்பது கோடாலித் தடத்தைத்தான். அந்த 51 பேரும் அதில்தானே இருக்கிறார்கள்! எடுத்தது சரி என்பேன்.