மேல்மாடிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, மேசனுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் கட்டப் போகிறவர்களுமாவது முழுதாக வாசியுங்கள்.

நம்மூரில் இங்கிலிஷில் ஒரு கடிதம் வந்தால் கடைசியில் அது ஏதாவது ஒரு சேர் வீட்டுக்குத்தான் வந்து சேரும். போன மாதம் என் மூத்த மச்சான் கொண்டுவந்தது ஒரு காப்புறுதிப் பத்திரம். இரண்டாவது மகளுக்கு மேல்மாடி கட்டுகிறார். கீழே மூத்த மகளும் மருமகனும் இருக்கிறார்கள். கடன் தந்த இடத்தில் கட்டட வேலைக்கு இன்சூரன்ஸ் கேட்க, எடுத்துக் கொடுத்துவிட்டார். "இனிப் பயமில்லதானே மச்சான்?" என்றார்.

இரண்டு இரவு இருந்து வாசித்தேன். இந்த வகைப் பத்திரங்கள் உலகெங்கும் பெரும்பாலும் ஜேர்மனியின் மியூனிக் ரீ நிறுவனத்தின் மாதிரி வாசகத்தை ஒட்டியவை. புயல், வெள்ளம், தீ, களவு, கட்டும்போதே இடிந்து விழுதல் எல்லாம் இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஐயும் கண்ட கரை இது, அது தேவைதான். ஆனால் விலக்குகளை வாசிக்கும்போதுதான் நம்மூர் முகம் தெரிந்தது.

வேலையை நிறுத்தினால் அதனால் வரும் நட்டம் இதற்குள் வராது. நாம் எப்படிக் கட்டுகிறோம்? கட்டாரிலிருந்து காசு வந்தால் தூண் எழும்பும், வராவிட்டால் கம்பி ஒரு வருஷம் வானத்தைப் பார்த்துத் துருப்பிடிக்கும். கட்டிய பகுதியில் குடியேறினால் அந்தப் பகுதிக்குக் காப்பு முடிந்துவிடும். சீதன வீட்டில் கலியாண நாள்தான் முதலில் குறிக்கப்படும், பூச்சு பிறகு. காப்புறுதித் தொகையோ முழுப் பெறுமதிக்கு இருக்க வேண்டும். குறைத்துப் போட்டால் நட்டஈடும் அந்த விகிதத்தில் குறையும். மேசன் பாஸுக்குக் கூலி மட்டும் பேசி, சீமெந்தும் கம்பியும் மணலும் நாமே வாங்குவதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022இல் சீமெந்து விலை சில மாதங்களில் இரண்டு மடங்கான நாட்டில் பழைய மதிப்பீட்டை நம்ப முடியாது.

பக்கத்து வீடு இன்னொரு தலையிடி. நம் வளவுகள் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லத் தேவையில்லை. கடற்கரை மணலில் அத்திவாரத்துக்குத் தோண்டும்போது அயலவரின் மதிலுக்குக் கீழுள்ள மண்ணும் சரியும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைப்போம். அதிர்வாலும் தாங்கும் மண் தளர்வதாலும் வரும் சேதம், தனியாகக் கேட்டுச் சேர்த்தால் ஒழிய, அதில் இல்லை.

என்னை அதிகம் உறுத்தியது வேறு. அங்கே வேலை செய்கிறவர் "மூன்றாம் தரப்பு" அல்ல. சாரத்திலிருந்து அவர் விழுந்தால் இந்தப் பத்திரம் பேசாது.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் வீதியில் சாரம் சரிந்து ஒரு கையாள் விழுந்தார். முதுகில் அடி, இன்றுவரை எழும்பி வேலைக்குப் போகவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு வசூலித்தோம், அல்ஹம்துலில்லாஹ், நல்ல தொகை சேர்ந்தது. ஆறு மாதத்தில் அது முடிந்தது. அவருடைய மகன் என் வகுப்பில் இருந்தவன். சாதாரண தரப் பரீட்சை எழுதாமல் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போய்விட்டான். இப்போது என்னைக் கண்டால் "சேர்" என்று எழும்பி நிற்கிறான், எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

1934ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலைக்கு அமர்த்தியவர் கொடுக்க வேண்டும் என்கிறது. நம்மூர் வேலையில் அமர்த்தியவர் யார்? வீட்டுக்காரர் பாஸைக் காட்டுவார். பாஸ் தானும் நாட்கூலிதான் என்பார். அரசாங்க ஒப்பந்தங்களில், நம் பாடசாலைக் கட்டடங்கள் உட்பட, வேலைக்கு, மூன்றாம் தரப்புக்கு, தொழிலாளருக்கு என்று காப்புறுதிகள் கேட்கப்படுகின்றன. நம் வீட்டு மேசனுக்கு மட்டும் துஆ.

இன்சூரன்ஸே கூடாது என்று ஒதுங்குகிறவர்களோடு வாதாட வரவில்லை. 1999 முதல் இங்கே தகாபுல் இருக்கிறது. எல்லோரும் நன்கொடையாகப் பொது நிதியில் போட்டு, நட்டப்பட்டவருக்கு அதிலிருந்து கொடுப்பது. தவறுதலாக நேர்ந்த உயிரிழப்புக்குக் குலமே சேர்ந்து நட்டஈடு கொடுத்த பழைய அறபு முறையான ஆகிலாவை அறிஞர்கள் இதற்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். பள்ளியில் துண்டு விரிப்பதும் அதே எண்ணம்தான். நாம் ஆள் விழுந்த பிறகு விரிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மச்சான் திங்கட்கிழமை திரும்பப் போய்க் கேட்டார். வேலையாட்களுக்குத் தனியாக எடுக்கலாமாம், வேலை முடியும்வரை கொடுக்கப்போகும் மொத்தச் சம்பளத்தைக் கணக்கிட்டுத் தந்தால் போதுமாம். பக்கத்து மதிலுக்கும் சேர்க்கலாம், ஆனால் வேலை தொடங்க முன் அதன் நிலையைப் படம் எடுத்துத் தர வேண்டுமாம். நேற்று அஸருக்குப் பிறகு நானும் அவரும் அயல்வீட்டு ராத்தாவிடம் கேட்டுக்கொண்டு மதிலைப் படம் எடுத்தோம். ஏற்கனவே இரண்டு வெடிப்பு இருந்தது. அது இவர்கள் கட்ட முன் வந்ததுதான் என்று ராத்தாவே சொன்னார்.