சால்வை கக்கிய நீலம்

கல்யாணத்துக்கென்று செய்து கொடுத்த பட்டுச் சால்வை, முதல் துவைப்பிலேயே நீலத்தைக் கக்கிவிட்டது. கூட ஊறிய வேட்டியும் பாழ். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அக்கா பிறகு என் பக்கமே வரவில்லை.

ஈப்போ புந்தோங்கில், வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பாத்தேக் பட்டறை வைத்திருக்கிறேன். செப்பு அச்சை மெழுகில் தோய்த்துப் பட்டில் பதித்து, இடையில் ரெமசோல் சாயம் தீட்டுவேன். காய்ந்ததும் சோடியம் சிலிக்கேட் பூச வேண்டும். அதிலுள்ள காரம்தான் சாயத்தை இழையோடு பிணைக்கிறது. போதாவிட்டால் சாயம் கழன்று வரும். மிஞ்சினால் பட்டின் பளபளப்பு போய்விடும்.

முதலில் நேரத்தை மட்டும் கூட்டினேன். பிறகு கெட்டித்தன்மையை மட்டும் மாற்றினேன். இரண்டு மாதம் ஓடியும் எதுவும் பிடிபடவில்லை. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று பள்ளியில் படித்தவர்கள்தானே நாம்! அது போதாது என்று காட்டியவர் ரொனால்ட் ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, வயல்களில் உரச் சோதனைகளை ஆராய்ந்தவர். பலவற்றைச் சேர்த்தே மாற்றலாம், ஆனால் எது எங்கே என்பதைக் குலுக்கிப் போட வேண்டும் என்பது அவர் வழி.

குலுக்கல் எதற்கு? ஈப்போவின் பிற்பகல் மழை தெரியுமல்லவா? கெட்டி சிலிக்கேட்டைக் காலையிலும் நீர்த்ததை மாலையிலும் பூசினால், ஈரக்காற்றின் குற்றம் சிலிக்கேட் மேல் விழும்.

கெட்டி, நீர்த்தது; 4 மணி நேரம், ஓர் இரவு. நான்கு சேர்க்கை, ஒவ்வொன்றுக்கும் நான்கு கைக்குட்டையளவுத் துண்டு. சீட்டுகளை அம்மாவின் பழைய ரப்பர் மங்கில் போட்டுக் குலுக்கினேன். மெழுகெடுத்த துண்டுகளை வெள்ளைத் துணியோடு சோப்பு நீரில் ஊறவைத்தேன்.

மதிப்பெண் போட்டவர் அம்மா. சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் பால் வெட்டியவர். பாலை உறையவைக்க ஆசிட்டை அளந்து ஊற்றிய கை. எது எந்தத் துண்டு என்று அவரிடம் சொல்லவில்லை. எண் மட்டும்தான்.

நீர்த்ததில் நேரம் பெரிய வித்தியாசம் காட்டியது: 4 மணியில் சாயம் ஓடியது, இரவில் நின்றது. கெட்டியில் இரண்டும் ஒன்றுபோல நின்றன. ஆனால் இரவு முழுக்கக் கிடந்ததைத் தடவிய அம்மா முகம் சுளித்தார். “பட்டு மாதிரியே இல்லையே! இதுக்கு எதுக்கு ஒரு ராத்திரி?”

கெட்டி, 4 மணி என்று சுவரில் எழுதி வைத்தேன். அந்த முறையில் புதிய சால்வை ஒன்று செய்து அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். துவைத்தாரா என்று கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.