தறிச் சத்தம் எங்கேண்ணா?

ஆண்டு விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நம்ம ஹைடெக் லேபில் 'தூக்கம்' என்று ஒரு குறும்படம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? மறந்திருந்தால் ரொம்ப நல்லது. அதை எடுத்தவன் நான்தான். கதை, வசனம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் என்று ஐந்து இடத்தில் என் பெயர் வந்தது. (அப்பவே தமிழய்யா சிரிச்சார். எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.)

கதை இதுதான். ராத்திரி அம்மாவுக்குத் துணையாகத் தறி ஓட்டுகிற பையன் காலையில் வகுப்பில் தூங்கிவிடுகிறான். வாத்தியார் வெளியே நிறுத்துகிறார். வீட்டுக்குப் போனால் அம்மா திட்டுகிறாள். கடைசியில் அழுகிறான். மொத்தம் 7 நிமிஷம். பள்ளிபாளையம் பக்கத்தில் பிறந்துவிட்டுத் தறியைப் பற்றி எடுக்காமல் வேறு எதை எடுப்பது என்று எனக்கு ஒரு கெத்து வேறு!

மாமாவின் தறிப்பட்டறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். தறி ஓடினால் பேசுகிற வசனம் எதுவும் போனில் பதிவாகாது, அதனால் லீவு நாள்தான் வசதி. செங்கல்லை அடுக்கி அதன்மேல் போனை வைத்தோம், அதுதான் எங்கள் ஸ்டாண்டு. அப்புறம் போனிலேயே வெட்டி ஒட்டி, அழுகிற இடத்தில் வயலின் இசையைச் சேர்த்தேன். ராத்திரி போர்வைக்குள்ள வெச்சுப் பார்த்துட்டு நானே அழுதுட்டேன். சத்தியமா!

ஆறாம் வகுப்பையும் பதினொன்றாம் வகுப்பையும் உட்கார வைத்துப் படம் போட்டார்கள். நான் எந்த இடத்தில் அழுதேனோ, சரியாக அந்த இடத்தில் லேபே சிரித்தது.

படம் முடிந்ததும் வாசலில் நின்று ஒவ்வொருத்தனாக, "எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். "சூப்பர்டா", "செம", "மாஸ்", "ஹீரோயின் இல்லையா மாப்ள?" இவ்வளவுதான் பதில். சிரிச்சவனும் சூப்பர்னுதான் சொன்னான். கை கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்போது ஆறாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி, வரிசையில் போனவள், நின்று கேட்டாள். "தறிச் சத்தம் எங்கேண்ணா? கரண்ட் இல்லையா?"

"இது சோகப் படம் பாப்பா, அதான் மியூசிக் போட்டிருக்கேன்."

"கரண்ட் இல்லைன்னா அந்த அண்ணா தூங்கியிருக்கலாமே?"

எனக்குப் பதில் வரவில்லை. படத்தில் தறி ஓடவே இல்லை! எல்லாத் தறியும் சும்மா நிற்கிறது, அதற்கு முன்னால் நின்று ஒருத்தன் களைத்துப் போகிறான். இத்தனை பேர் தறிக்காரங்க வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் கண்ணுக்குத் தெரியாதா? இன்னொரு பொடியன், "அந்த முதலாளி ஏன்ணா அவனுக்கு டீ வாங்கிக் குடுக்கறாரு?" என்றான். அது முதலாளி இல்லை, அப்பா. எங்கேயும் 'அப்பா' என்று ஒரு வார்த்தை நான் வைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததால் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் பக்கத்தில் உட்கார்கிற நண்பன் மூணு நாள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கதையே அவனுடையதுதான். அவன் வீட்டில் நாலு கூலித்தறி. அவன் தூங்குவதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். பார்த்ததை எடுத்துவிட்டேன், அவனைக் கேட்கவில்லை. (இதை எழுதலாமா என்று இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

செவ்வாய்க்கிழமை சைக்கிள் ஸ்டாண்டில் அவனே ஆரம்பித்தான். "எங்கம்மா அப்படித் திட்ட மாட்டாங்கடா. எழுப்பணும்னு வருவாங்க, மனசு வராது. கால்மாட்டுலயே உட்கார்ந்திருப்பாங்க. நானா முழிச்சுக்குவேன்."

கொஞ்ச நேரம் பூட்டைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டு, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" என்றான்.

அன்று நான் சைக்கிளை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

தமிழய்யாவிடம் போய்ப் படத்தை அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் சாப்ளின் கதையைச் சொன்னார். நாங்கள் எட்டாவது படிக்கும்போது பள்ளியில் 'தி கிட்' படம் போட்டார்கள். 1921-ல் வந்த அந்தப் படத்தை அவர் எடுத்துக்கொண்டிருந்தபோது விவாகரத்து வழக்கு வந்துவிட்டது. பிலிமைப் பறித்துக்கொள்வார்களோ என்று பயந்து, 1920-ல் அதைத் தூக்கிக்கொண்டு சால்ட் லேக் சிட்டிக்குப் போய் ஓட்டல் அறையில் வைத்துத் தொகுத்தார். அங்கேயே ஒரு தியேட்டரில் முன்கூட்டிச் சொல்லாமல் போட்டு, ஜனங்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்தாராம். "சாப்ளினுக்கே அந்தப் பயம் இருந்துச்சு, உனக்கென்னடா வந்துச்சு?" என்றார் அய்யா.

சரி, சிரித்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அழுகைக் காட்சி 52 விநாடி! கண்ணில் தைலம் தடவி அழ வைத்தது வேறு. முதலில் யாரும் சிரிக்கவில்லை, நீண்டுகொண்டே போனதால்தான் சிரித்தார்கள். அதை முழுசா வெட்டிவிட்டேன். அந்தப் பையன் கடைசியில் கலெக்டர் ஆகணும்னு நாலு பேர் சொன்னாங்க. அதை மட்டும் கேட்கவில்லை. கலெக்டர் ஆனா தூக்கம் வராதா என்ன?

சத்தம் பதிவு பண்ண ஒரு ராத்திரி நண்பன் வீட்டுக்குப் போனேன். தறிக்குப் பக்கத்தில் போனை வைத்தால் வெறும் கரகரதான். "நான் படுக்கற இடத்துல வெச்சுப் பாரு" என்றான். சுவருக்கு அந்தப் பக்கம், அவன் பாயில் வைத்தேன். அப்பத்தான் 'டக்கு டக்கு'ன்னு அந்தச் சத்தம் சரியா விழுந்துச்சு. "நாலுல ஒண்ணு நின்னாலும் தூக்கத்துலயே தெரிஞ்சிரும்டா, முழிச்சுக்குவேன்" என்றான். இப்போது படத்தின் முடிவு அதுதான். வயலின் கிடையாது. தறி ஓடுகிறது, அவன் தூங்குகிறான், அம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தறி நிற்கிறது. அவன் கண்ணைத் திறக்கிறான்.

அவனுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். பார்த்துட்டு, "சத்தம் இன்னும் கொஞ்சம் கூட்டி வைடா" என்றான். வைத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை மதியம் அதே லேபில் மறுபடி போடுகிறோம். இப்போது 5 நிமிஷம்தான். இந்த இதழுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன், பேனாவும் நூலில் கட்டித் தொங்குகிறது. படம் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் புரியவில்லை, எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் பேச ஆரம்பித்தீர்கள் என்று எழுதுங்கள். சூப்பர்னு மட்டும் எழுதாதீங்க. பேனாவை எடுத்துட்டும் போயிடாதீங்க!

- பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்